பால்பண்ணை நிபுணர் பிரதமரானார். குடியானவர் என்ன பெற்றார்?

நெல் எந்த மரத்தில் காய்க்கிறது என்று கேட்பவர்கள் கையில் விவசாய இலாகா இருந்தால் நாடு எப்படி உருப்படும் என்று நம்மில் பலர் சலித்துக்கொள்வதுண்டு. விவசாயம் படித்தவர், மாடு கறந்தவர், சாண வாடை அறிந்தவர் ஒருவர் ஆட்சிக்கு வந்துவிட்டால் போதும், விலை பிரச்சினையும் கடன் பிரச்சினையும் தானே தீரும் என்று எண்ணுகிறோம். அந்த எண்ணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அப்படி ஒருவர் உண்மையாகவே ஒரு நாட்டை ஆண்டார். அவர் ஆட்சியில் குடியானவர்கள் பெற்றது என்ன, பறிகொடுத்தது என்ன என்பதைக் கணக்குப் பார்த்தால் இந்தச் சலிப்புக்குக் கொஞ்சம் நிதானம் வரும்.

அந்த நாடு லாட்வியா. வட ஐரோப்பாவில் பால்டிக் கடலோரம் இருக்கிறது. பரப்பு சுமார் 64,600 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டின் பரப்பில் ஏறக்குறையப் பாதி. 1935-ஆம் வருஷக் கணக்கெடுப்பில் ஜனத்தொகை 19½ லட்சம். வருஷத்தில் நான்கைந்து மாதம் மண் உறைந்து கிடக்கும். கம்பு போன்ற ரை தானியம், பார்லி, ஓட்ஸ், உருளைக்கிழங்கு, ஆளி, மாட்டுக்குப் புல் – இவைதான் சாகுபடி. அந்த மனிதர் பெயர் கார்லிஸ் உல்மானிஸ்.

நிலம் யார் கையில் இருந்தது?

உல்மானிஸ் 1877 செப்டம்பர் 4-ந் தேதி பிக்ஷாஸ் என்ற பண்ணை வீட்டில் பிறந்தார். ஓரளவு வசதியுள்ள குடியானவர் குடும்பம். அந்தக் காலத்தில் லாட்வியா ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. ஆனால் ஊரில் உண்மையான அதிகாரம் ஜெர்மன் மொழி பேசிய பிரபுக்களிடம் இருந்தது. நம் ஜமீன்தார்களைப் போல என்று சொல்லலாம். அவர்களைவிடப் பிடி இறுக்கம். லாட்விய மொழி பேசிய குடியானவர்கள் பல தலைமுறைகளாகப் பண்ணையடிமைகள்.

குர்லாந்து என்ற பகுதியில் 1817-லும், லிவோனியா என்ற பகுதியில் 1819-லும் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. கால் விலங்கை அவிழ்த்தார்கள், ஆனால் ஒரு குழி நிலம்கூடக் கொடுக்கவில்லை. விடுதலை பெற்றவன் மறுநாள் அதே பிரபுவிடம் கூலிக்கோ குத்தகைக்கோ போய் நின்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில்தான், நிலத்தைத் தவணை முறையில் வாங்கிக்கொள்ளச் சட்டம் வழி விட்டது. கையில் துணிவும் கொஞ்சம் பணமும் இருந்தவர்கள் வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் கூலிகளாகவே இருந்தார்கள். 1897-இல் கிராமத்து ஜனங்களில் 100-க்கு 61 பேருக்குச் சொந்த நிலம் இல்லை. இந்த 61 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வருவோம்.

இந்தப் பிரிவினை ஊருக்குள்ளேயும் இருந்தது. நிலம் வாங்கிச் செழித்த லாட்வியக் குடியானவர்களை ‘சாம்பல் நிறப் பிரபுக்கள்’ என்று நிலமற்றவர்கள் கேலி செய்வார்கள். பிரபு அல்ல, ஆனால் பிரபுவின் சாயல் என்று பொருள். உல்மானிஸ் இந்த நிலமுள்ள வர்க்கத்தில் பிறந்தவர் என்பதை மறந்துவிட்டால் அவருடைய அரசியல் விளங்காது.

படிப்பும் சிறையும்

பையன் மாட்டின் பக்கம் போனான். கிழக்குப் பிரஷ்யாவில் பால்பண்ணைத் தொழில் கற்றார். பிறகு சுவிட்சர்லாந்தில் சூரிச்சிலும், ஜெர்மனியில் லைப்ஜிக்கிலும் விவசாயம் படித்தார். ஊர் திரும்பி, பயிர்த்தொழில் பற்றியும் கறவை மாடுகள் பற்றியும் விவசாயப் பத்திரிகைகளில் எழுதினார். ஊர் ஊராகப் போய்ப் பேசினார். இன்றைய பேச்சில் சொன்னால் விரிவாக்கப் பணியாளர்.

1905-இல் ருஷ்யா முழுவதும் கலகம் மூண்டது. லாட்வியக் கிராமங்களில் பிரபுக்களின் மாளிகைகள் நூற்றுக்கணக்கில் எரிந்தன. அரசு திருப்பி அடித்தபோது உல்மானிஸும் பிடிபட்டு ப்ஸ்கோவ் நகரச் சிறையில் கிடந்தார். வெளியே வந்ததும் மறுபடி பிடிபடுவோம் என்று அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1909-இல் விவசாயப் பட்டம் பெற்றார். அங்கேயே கொஞ்ச காலம் பாடமும் சொன்னார். பிறகு டெக்ஸாஸ் மாநிலம் ஹூஸ்டனில் ஒரு பால் வியாபாரத்தை வாங்கி நடத்தினார். அது சரியாக நடக்கவில்லை. மாட்டைப் பற்றி வகுப்பு எடுத்தவருக்கும் பால் வியாபாரம் கைகொடுக்கவில்லை என்பதைப் படிக்கும்போது, நஷ்டப்பட்ட நம் பால்காரர்களுக்குச் சற்று ஆறுதலாக இருக்கும்.

1913-இல் சக்கரவர்த்தி பொதுமன்னிப்பு அளித்தபோது ஊர் திரும்பினார். மறு வருஷமே முதல் உலக யுத்தம். 1915 முதல் போர்முனை லாட்வியாவின் நடுவிலேயே, தௌகவா ஆற்றை ஒட்டி, நின்றுவிட்டது. வயல்களில் பதுங்குகுழி வெட்டினார்கள். வீடுகள் எரிந்தன. லட்சக்கணக்கான ஜனங்கள் மாட்டையும் வண்டியையும் ஓட்டிக்கொண்டு கிழக்கே அகதிகளாகப் போனார்கள்.

1917-இல் சக்கரவர்த்தி ஆட்சி விழுந்ததும் உல்மானிஸும் நண்பர்களும் விவசாயிகள் சங்கம் என்ற கட்சியைத் தொடங்கினார்கள். 1918 நவம்பர் 18-ந் தேதி ரீகா நகரத்து நாடக அரங்கில் லாட்வியா சுதந்திர நாடு என்று அறிவிக்கப்பட்டது. தற்காலிக மந்திரிசபைக்குப் பால்பண்ணை நிபுணரே பிரதமர்.

அறிவித்தார்களே தவிர ஆள நாடு இல்லை. ஜனவரி 1919-இல் போல்ஷ்விக் படை ரீகாவைப் பிடித்தது. மந்திரிசபை லியபாயா என்ற துறைமுகத்துக்கு ஓடியது. ஏப்ரலில் அங்கேயும் ஜெர்மன் படையினர் கலகம் செய்து வேறொருவரைப் பிரதமராக உட்கார்த்தினார்கள். அப்போது உல்மானிஸ் மந்திரிசபை துறைமுகத்தில் நின்ற ‘சரதோவ்’ என்ற கப்பலில் இருந்தபடி காலம் தள்ளியது. ஜூலையில்தான் ரீகாவுக்குத் திரும்ப முடிந்தது. 1920 ஆகஸ்டில் சோவியத் ருஷ்யாவோடு சமாதான உடன்படிக்கை ஆயிற்று. இந்த இரண்டு வருஷத்தில் அவர் காட்டிய மனஉறுதியை எந்த விரோதியும் மறுக்க முடியாது.

நிலச் சட்டம் யாருடைய சாதனை?

நமக்கு முக்கியமான கட்டம் இதுதான். 1920 செப்டம்பர் 16-ந் தேதி அரசியல் நிர்ணய சபை நிலச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. பிரபுக்களின் எஸ்டேட்டுகள் அரசுக்கு வந்தன. ஒவ்வொரு பிரபுவுக்கும் சுமார் 50 ஹெக்டேர் மட்டும் விட்டார்கள். மிச்சத்தை நிலமற்றவர்களுக்கும் குறைவாக இருந்தவர்களுக்கும் பங்கிட்டார்கள். புதுப் பண்ணைக்கு உச்சவரம்பு 22 ஹெக்டேர்.

22 ஹெக்டேர் என்றால் 54 ஏக்கர். இவர்களையா சிறு விவசாயி என்கிறீர்கள் என்று ஒன்றரை ஏக்கர்காரர் கேட்பார். கேள்வி சரிதான். அங்கே பனி உருகி, மண் காய்ந்து, ஏர் பூட்டுவதற்குள் வருஷத்தில் பாதி போய்விடும். ஒரே போகம். மாடு மாதக்கணக்கில் கொட்டிலுக்குள்ளேயே நிற்கும். அத்தனை நாளைக்கும் உலர்புல் வெட்டிச் சேர்க்க வேண்டும். நிலத்தில் ஒரு பங்கு மேய்ச்சல், ஒரு பங்கு புல்வெளி, ஒரு பங்கு சேறும் புதரும். உழுகிற பங்கு குறைவு. ஆகவே அந்த 54 ஏக்கரை நம் நஞ்சைக் கணக்கில் பார்க்கக் கூடாது.

நிலம் கிடைத்தவர்களுக்கு வீடு இல்லை, தொழுவம் இல்லை, மாடு இல்லை. அரசுக் காடுகளிலிருந்து மரம் கொடுத்தார்கள். 1922-இல் தொடங்கிய அரசு நில வங்கி நீண்டகாலக் கடன் கொடுத்தது. 1923-லேயே சாகுபடிப் பரப்பு யுத்தத்துக்கு முந்திய அளவைத் தாண்டிவிட்டது. 61 என்று சொன்னேனே, அந்த நிலமற்றோர் கணக்கு 1936-இல் 18 ஆகக் குறைந்தது. உலகத்தில் எந்த நாட்டிலும் ரத்தம் சிந்தாமல் இவ்வளவு நிலம் இவ்வளவு சீக்கிரம் கை மாறியது அபூர்வம். பிரபுக்களுக்கு நஷ்டஈடு கிடையாது என்று 1924-இல் சட்டசபை முடிவு செய்தது. அவர்கள் சர்வதேச சங்கம் வரை போய் முறையிட்டுப் பார்த்தார்கள்.

இந்தச் சாதனைக்கு உல்மானிஸ் பேரில் மாலை போடுவது வழக்கம். அப்போது பிரதமர் அவர்தான், உண்மை. ஆனால் சபையில் பெரிய கட்சி சோஷல் டெமாக்ரட்டுகள். அவர்கள் நிலமற்றவர்களின் ஓட்டைப் பெற்றவர்கள். உல்மானிஸின் விவசாயிகள் சங்கம் ஏற்கெனவே நிலம் உள்ளவர்களின் கட்சி. நில விஷயத்தில் அது நிதானம் பேசிய கட்சி. இருவரும், இன்னும் பல சிறு கட்சிகளும் மாதக்கணக்கில் இழுபறி நடத்தி, ஒருவர் கொடுத்து ஒருவர் வாங்கித்தான் அந்தச் சட்டம் பிறந்தது. விவசாயப் பட்டதாரி தனியே உட்கார்ந்து எழுதியிருந்தால் 22 ஹெக்டேர் பண்ணைகள் அத்தனை பிறந்திருக்குமா என்பது என் சந்தேகம். கூச்சலும் குழப்பமும் நிறைந்த ஒரு சபைதான் கூலிக்காரனை நிலக்காரனாக்கியது.

வெண்ணெய்ப் பாதை

அவருக்கு உரிய புகழை மறைக்கவும் கூடாது. வெளிநாட்டுத் தானியம் மலிவாக வரும்போது ரை விதைத்துப் போட்டி போட முடியாது. டென்மார்க்காரன் செய்ததுபோல் தானியத்தை மாட்டுக்குப் போட்டு, மாட்டை வெண்ணெயாக்கி விற்க வேண்டும் என்பது பால்பண்ணை படித்தவர்களின் கட்சி. லாட்வியா அந்தப் பாதையில் போயிற்று. கூட்டுறவுப் பால்பண்ணைகள் பெருகின. நாட்டு மாட்டோடு டேனிஷ் சிவப்பு, ஆங்லர் இனங்களைச் சேர்த்து லாட்வியப் பழுப்பு மாடு என்ற இனத்தை வளர்த்தார்கள். ஏற்றுமதி வெண்ணெய்க்கு அரசுத் தரச் சோதனை வைத்தார்கள். ஒரு பீப்பாய் கெட்டிருந்தாலும் நாட்டின் பேர் கெடும் என்பது அதன் நோக்கம். வெண்ணெயும் பன்றி இறைச்சியும் ஜெர்மனிக்கும் இங்கிலாந்துக்கும் போயின. சர்க்கரைக்கிழங்கு சாகுபடிக்காக 1926-இல் யெல்கவாவில் ஆலை திறந்தார்கள். அடுத்த சில வருஷங்களில் இன்னும் இரண்டு ஆலைகள் வந்தன.

அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு சின்ன காரியம். அமெரிக்காவில் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஃபோர்-எச் என்ற குழுக்கள் உண்டு. பிள்ளையிடம் ஒரு கன்றையோ கோழிக்குஞ்சுகளையோ ஒரு பாத்தி நிலத்தையோ ஒப்படைத்து, வரவு செலவு எழுத வைத்து, அறுவடைக்குப் பின் கண்காட்சி வைப்பார்கள். அதே மாதிரியில் 1929-இல் உல்மானிஸ் ‘மஸ்புல்கி’ என்ற குழுக்களைத் தொடங்கினார். அப்பன் கேட்காத யோசனையை மகன் பாத்தியில் செய்து காட்டினால் அப்பன் பேசாமல் பின்பற்றுவான் என்பது விரிவாக்கப் பணியில் இருந்த எவருக்கும் தெரியும். அந்தக் குழுக்கள் இன்றும் லாட்வியாவில் இயங்குகின்றன.

விலை விழுந்த காலம்

1929-க்குப் பின் உலக மந்தம் வந்தது. ஜெர்மனி வெண்ணெய் மீது வரி உயர்த்தியது. இங்கிலாந்து தன் சாம்ராஜ்ய நாடுகளுக்குச் சலுகை கொடுத்து மற்றவர்களுக்குக் கதவைச் சாத்தியது. வெண்ணெய் விலை சரிந்தது. கடன் வாங்கித் தொழுவம் கட்டிய புதுப் பண்ணைக்காரன் தவணை கட்ட முடியாமல் தத்தளித்தான். அரசு வெண்ணெய்க்கு உதவித்தொகை கொடுத்தது. தானியத்தை வெளிச்சந்தை விலைக்கு மேல் வாங்கியது. போதவில்லை.

சட்டசபையில் 100 இடங்கள், 20-க்கு மேற்பட்ட கட்சிகள். மந்திரிசபைகள் சராசரியாக வருஷத்துக்கு ஒன்று வீதம் மாறின. ஜனங்களுக்கு அலுத்துப்போயிருந்தது. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இந்தக் குழப்பமான சபையில் சிறு விவசாயிக்கென்று ஒரு கட்சி இருந்தது. புது நிலக்காரர்கள், சிறு நிலக்காரர்கள் கட்சி என்று அதற்குப் பெயர். அதன் தலைவர் அடால்ஃப்ஸ் ப்லோட்னியெக்ஸ் 1933 மார்ச் முதல் ஒரு வருஷம் பிரதமராகவே இருந்தார். கூலிக்காரனாகப் பிறந்து நிலம் பெற்றவர்களின் கட்சி பதினைந்து வருஷத்துக்குள் பிரதமர் நாற்காலி வரை வந்ததை எண்ணிப் பாருங்கள். உல்மானிஸின் கட்சிக்கோ 1931 தேர்தலில் 14 இடம்தான் கிடைத்தது.

1934 மார்ச்சில் ப்லோட்னியெக்ஸ் மந்திரிசபை விழுந்தது. உல்மானிஸ் நான்காவது முறை பிரதமரானார். இரண்டே மாதம். மே 15-ந் தேதி இரவு ராணுவத்தையும் ஊர்க்காவல் படையையும் வைத்துத் தன் சொந்த நாட்டின் சட்டசபையையே கலைத்தார். அரசியல் சட்டத்தை நிறுத்தி வைத்தார். சோஷல் டெமாக்ரட் தலைவர்களைப் பிடித்து அடைத்தார். பத்திரிகைகளை மூடினார். எல்லாக் கட்சிகளையும் தடை செய்தார். தான் தொடங்கிய விவசாயிகள் சங்கமும் அதில் அடக்கம். ஒரு உயிரும் போகவில்லை. புது அரசியல் சட்டம் வரும் என்று சொன்னார், வரவே இல்லை. 1936-இல் ஜனாதிபதியின் பதவிக்காலம் முடிந்ததும் அந்தப் பதவியையும் தாமே ஏற்றுக்கொண்டார்.

நல்ல விலை, ஆனால் கேள்வி கிடையாது

அடுத்த ஆறு வருஷங்களைத்தான் லாட்வியக் கிழவர்கள் பொற்காலம் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வந்தார்கள். வெண்ணெய்க்கும் தானியத்துக்கும் நிச்சய விலை. கடன் தவணைகள் இலகுவாயின. அறுவடைத் திருவிழாக்கள் பெரிய அளவில் நடந்தன. 1935 ஜனவரியில், அவரவர் சிறுவயதில் படித்த பள்ளிக்குப் புத்தகம் அனுப்புங்கள் என்று உல்மானிஸ் ஒரு வேண்டுகோள் விடுத்தார், புத்தகங்கள் குவிந்தன. தௌகவா ஆற்றில் கேகும்ஸ் மின் நிலையம் கட்டப்பட்டது. 1939-இல் யெல்கவாவில், பழைய கோமகன் அரண்மனையில், விவசாயக் கல்லூரி தொடங்கியது. பிரபு குடியிருந்த கூடத்தில் குடியானவன் பிள்ளை மண்ணியல் படித்தான். இதைப் படிக்கும்போது எனக்கும் நெஞ்சு நிறையத்தான் செய்கிறது.

மறுபக்கத்தையும் புரட்ட வேண்டும். 1935-இல் விவசாய மன்றம் என்று ஒன்றை அமைத்தார்கள். உறுப்பினர்களை விவசாயிகள் சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மேலிருந்து வைத்தார்கள். குடியானவர்கள் தாமே கட்டி வளர்த்த கூட்டுறவுகளும் அரசின் பிடிக்குள் போயின. விலை நல்ல விலைதான். ஆனால் அதை நிர்ணயித்தவரிடம் ஏன் இவ்வளவு என்று கேட்க இடம் இல்லை. கூலிக்காரர் நிலை இன்னும் மோசம். போலந்திலிருந்தும் லிதுவேனியாவிலிருந்தும் வருஷாவருஷம் ஆயிரக்கணக்கில் ஆட்கள் வந்தும் பண்ணை வேலைக்கு ஆள் போதவில்லை. நகரத்துக்குப் போனால் நல்ல கூலி கிடைக்கும். அரசு செய்தது என்ன? 1939-க்குப் பின் கிராமத்துக் கூலிகள் நகரத்துக்கு வேலை தேடிப் போவதைக் கட்டுப்படுத்தியது. கட்சியும் இல்லை, பத்திரிகையும் இல்லை. அவன் யாரிடம் முறையிடுவான்? யூதர், ஜெர்மானியர், ருஷ்யர் முதலிய சிறுபான்மையினர் பள்ளிகளும் தொழில்களும் நெருக்கப்பட்டன.

செழிப்புக்கு அவருடைய கைராசிதான் காரணமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 1934-க்குப் பின் உலகச் சந்தையே எழுந்தது. 1936-இல் லாட்விய நாணயத்தின் மதிப்பைக் குறைத்து பவுனோடு இணைத்ததும் ஏற்றுமதி கூடியது. டென்மார்க்கும் பின்லாந்தும் சட்டசபையைக் கலைக்காமலே இதே வருஷங்களில் தலை நிமிர்ந்தன. நல்ல மழை பெய்த வருஷத்தில் உர வியாபாரி தன் உரத்தால்தான் விளைந்தது என்பான். அரசியலிலும் அப்படி உண்டு.

பின்லாந்தைச் சொன்னதால் ஒரு விஷயம். அங்கேயும் அதே தலைமுறையில் கியோஸ்டி கல்லியோ என்ற விவசாயி அரசியலுக்கு வந்தார். வெளிநாட்டுப் பட்டம் எதுவும் இல்லாதவர். 1922-இல் நிலமற்றவர்களுக்கு நிலம் கிடைக்கச் செய்த சட்டத்துக்கு அவர் பெயராலேயே ‘கல்லியோ சட்டம்’ என்று பேர். பல முறை பிரதமரானார், பல முறை சபையில் ஆதரவு போனதும் எழுந்து தன் பண்ணைக்குப் போனார், 1937-இல் ஜனாதிபதியானார். ஆட்சி நிபுணத்துவத்தில் உல்மானிஸுக்குக் குறைந்தவர் என்று யாராவது சொன்னால் நான் வாதாடப் போவதில்லை. எழுந்து போகத் தெரிந்தவர் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஒரே கை முடிவு செய்த நாள்

1939 ஆகஸ்டில் ஹிட்லரும் ஸ்டாலினும் கிழக்கு ஐரோப்பாவை ரகசியமாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அக்டோபர் 5-ந் தேதி லாட்வியா தன் மண்ணில் 25,000 சோவியத் சிப்பாய்கள் வரை தங்க இடம் கொடுத்து ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. ஒப்பந்தத்தை விவாதிக்கச் சட்டசபை இல்லை. 1940 ஜூன் 17-ந் தேதி சோவியத் படை எல்லை தாண்டியது. உல்மானிஸ் எதிர்க்க வேண்டாம் என்று உத்தரவிட்டார். அன்று இரவு ரேடியோவில் பேசி, நான் என் இடத்தில் இருக்கிறேன், நீங்கள் உங்கள் இடத்தில் இருங்கள் என்ற பொருள்படச் சொன்னார். வயலில் இருந்தவர்கள் வயலில் இருந்தார்கள்.

எதிர்த்திருந்தால் ரத்த ஆறு ஓடியிருக்கும், முடிவு மாறியிருக்காது என்கிறவர்கள் பலர். இருக்கலாம். இருபது லட்சம் பேர் எங்கே, சோவியத் படை எங்கே? பின்லாந்து எதிர்த்து நின்று சுதந்திரத்தைக் காத்துக்கொண்டது. ஆனால் அதற்கு இடமும் ஏரிகளும் காடும் துணை நின்றன, பெரும் நிலப்பகுதியையும் இழந்தது. என் வாதம் போர் செய்திருக்க வேண்டும் என்பதல்ல. அந்த ஜூன் மாதத்தில் நாட்டின் தலையெழுத்தை ஒருவரும் அவரைச் சுற்றி இருந்த சிலரும் தீர்மானித்தார்கள். ஒரு வார்த்தை மறுப்பாவது பதிவு செய்யத் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை இல்லை. ஆறு வருஷத்துக்கு முன்பே அதைக் கலைத்தவர் அவர்தான். கலைக்கும்போது குடியானவர்களில் பெரும்பாலோர் வாய் மூடி இருந்தார்கள். பலர் மகிழ்ந்தார்கள். விலைக்காக.

அதன் பின் நடந்தது வேகமாக நடந்தது. நிலமெல்லாம் அரசுக்குச் சொந்தம் என்று அறிவிக்கப்பட்டது. ஒரு குடும்பம் உழுதுகொள்ள 30 ஹெக்டேர் வரம்பு. 1941 ஜூன் 14-ந் தேதி ஒரே நாளில் சுமார் 15,000 பேரை ரயிலில் ஏற்றி சைபீரியாப் பக்கம் அனுப்பினார்கள். நடுவில் ஜெர்மன் ஆக்கிரமிப்பு; அதில் நாட்டு யூதர்கள் ஏறக்குறைய எல்லோரும் கொல்லப்பட்டார்கள். மறுபடி சோவியத் ஆட்சி. 1949 மார்ச் 25-ந் தேதி தொடங்கி 42,000-க்கு மேற்பட்டவர்கள் நாடு கடத்தப்பட்டார்கள். பெரும்பாலோர் விவசாயக் குடும்பங்கள், கிழவர்களும் குழந்தைகளும் சேர்த்து. மிச்சம் இருந்தவர்கள் அடுத்த சில வாரங்களில் பயந்துபோய்க் கூட்டுப்பண்ணையில் கையெழுத்துப் போட்டார்கள். 1920-இல் கிடைத்த நிலம் முப்பது வருஷத்துக்குள் கை நழுவிற்று.

உல்மானிஸுக்கும் கருணை கிடைக்கவில்லை. 1940 ஜூலையில் அவரை ருஷ்யாவுக்குக் கொண்டுபோனார்கள். முதலில் வீட்டுக்காவல், பிறகு சிறை. 1942 செப்டம்பர் 20-ந் தேதி, காஸ்பியன் கடலோரம் க்ராஸ்னோவோத்ஸ்க் நகரத்தில் இறந்தார். வயது 65. கல்யாணம் செய்துகொள்ளாதவர். புதைத்த இடம் தெரியாது.

இன்று லாட்வியாவில் அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் ஒரே வீட்டில் இரண்டு கட்சி ஆகிவிடும் என்பார்கள். ரீகாவில் 2003-இல் அவருக்குச் சிலை வைத்தார்கள். பிக்ஷாஸ் பண்ணை நினைவு இல்லமாக இருக்கிறது. தடை செய்யப்பட்ட விவசாயிகள் சங்கம் 1990-இல் மறுபடி எழுந்தது. பிறகு பசுமைக் கட்சியோடு கூட்டுச் சேர்ந்தது. அந்தக் கூட்டணியிலிருந்து 2004-இல் இந்துலிஸ் எம்சிஸ் என்ற உயிரியல் படித்தவர் பிரதமரானார். உலகத்திலேயே பசுமைக் கட்சியிலிருந்து பிரதமரான முதல் ஆள் அவர்தான். அதே வருஷம் அக்டோபரில் அவருடைய பட்ஜெட்டைச் சட்டசபை தோற்கடித்தது. மனிதர் ராஜிநாமா செய்தார். டிசம்பரில் வேறொருவர் வந்தார். தாவரமும் விலங்கும் படித்தவர் என்று சபை அவருக்குத் தனிச் சலுகை காட்டவில்லை.

உல்மானிஸ் 1934-இல் நிறுத்தி வைத்த 1922-ஆம் வருஷத்து அரசியல் சட்டம் 1993 ஜூலையில் முழுமையாகத் திரும்ப அமலுக்கு வந்தது. அதன்படி 100 உறுப்பினர் கொண்ட சபை கூடி ஓட்டுப் போட்டு ஒரு ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்தது. அவர் பெயர் குந்திஸ் உல்மானிஸ், பழைய உல்மானிஸின் சகோதரர் வழிப் பேரன். 1941-இல் கைக்குழந்தையாகக் குடும்பத்தோடு சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டவர். இரண்டு தவணை பதவியில் இருந்தார். 1999-இல் காலம் முடிந்ததும் வீட்டுக்குப் போனார்.